காது நன்றாகத்தான் கேட்கிறது

மஞ்சக்குப்பம், கடலூர்.
நவம்பர் கடைசி சனிக்கிழமை.

அன்பு மகன் சகாய ஆனந்துக்கு அம்மா எழுதுவது. எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. முதலில் அதைத் தெரிந்துகொள். உன் மாமா மகள் கிரேசி உன்னிடம், அத்தைக்கு ஆறு மாதமாகவே காது மந்தம், கெர்ஸ்டி போனில் சொன்னது ஒன்றுமே விழுந்திருக்காது, ஏதோ ஒப்புக்குப் பேசிவிட்டு வைத்திருப்பார்கள் என்று சொன்னாளாம். நல்லது செய்வதாக நினைத்துச் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகுதான் நீ கொஞ்சம் இறங்கி வந்து, அப்படியானால் அம்மாவை ஒரு நல்ல காது டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவளுக்குச் செய்தி அனுப்பினாயாம். வேண்டாம் ஆனந்து. கோயில் மணி எனக்கு இரண்டு தெருவுக்கு அப்பாலிருந்து கேட்கிறது. பூசை முடிந்து வெளியே வரும்போது ஜெயராணி என் முதுகுக்குப் பின்னால், மேரியம்மாவுக்கு வெள்ளைக்கார மருமகள் ஆரம்பத்திலிருந்தே ஆகாது, பிள்ளை போச்சுன்னு சொன்னவகிட்ட தேங்க்ஸ் சொல்லிட்டு போனை வச்சாங்களாம், என்னா நெஞ்சழுத்தம் பாருடி என்று மெல்லச் சொன்னதுகூடக் கேட்டது. கிரேசி சொல்வதும் பொய், ஜெயராணி சொல்வதும் பொய். உண்மையை என் கையால் எழுதுகிறேன். படித்துவிட்டு நீ என்ன முடிவு செய்தாலும் சரி.

உடம்புக்கு எனக்கு ஒன்றும் இல்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அதனதன் இடத்தில் இருக்கின்றன. ஒரு வாரமாக விடாத மழை, கெடிலத்தில் தண்ணீர் சிவப்பாகப் போகிறது, பின் அறைச் சுவரில் மறுபடி ஓதம் ஏறியிருக்கிறது, கொத்தனார் வெயில் வந்தால் பார்க்கிறேன் என்கிறான். கிரேசி மகள் சிந்தியாவுக்குக் காலேஜ் பரீட்சை. நீங்கள் இருவரும் நலமா என்று கேட்க வேண்டிய இடம் இது. கேட்பதற்கு எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியாமல் கேட்கிறேன். கெர்ஸ்டி எழுந்து நடமாடுகிறாளா, சாப்பிடுகிறாளா, அந்தக் குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகிறாளா, ஒன்றும் தெரியாமல் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். மத்தியானம் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். போனில் கெர்ஸ்டியின் படம் வந்தது. நீ நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலையில் இருக்கிறாய் என்று தெரியும். நீ பக்கத்தில் இல்லாமல் அவள் ஒருநாளும் என்னைக் கூப்பிட்டதில்லை. ஈரக் கையோடு எடுத்தேன். அம்மா என்றாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் அது, நீ சொல்லிக்கொடுத்தது. பிறகு இங்கிலீஷில் சொன்னாள். குழந்தை தங்கவில்லை, நேற்று ராத்திரி ஆஸ்பத்திரியில் போய்விட்டது, பெண் குழந்தை, காற்று பலமாக இருப்பதால் ஆனந்தை அழைத்து வர ஹெலிகாப்டர் போக முடியவில்லை, நாளைதான் வருவான், உங்களுக்கு நானே சொல்ல வேண்டும் என்று தோன்றியது என்றாள். அவள் ஊர்ப் பேச்சு வேகம்தான், ஆனாலும் ஒரு சொல் விடாமல் எனக்கு விளங்கியது. அவள் மூச்சு வாங்கியதுகூடக் கேட்டது. நான் பதில் சொன்னேன். தேங்க்யூ, குட் ஆஃப்டர்நூன் என்றேன். போனை வைத்துவிட்டேன்.

போனை வைத்த பிறகு குழாயை நிறுத்தாமல் நெடுநேரம் அங்கேயே நின்றேன். ஐந்து மாதமாக உங்கள் அப்பா படத்துக்கு முன்னால் நின்று அந்தக் குழந்தைக்காக ஜெபம் சொன்னவள் நான். அது போன செய்திக்கு நன்றி சொல்லி மத்தியான வணக்கமும் சொன்னேன். நீ கரைக்கு வந்து கெர்ஸ்டி சொல்லக் கேட்டு, கிரேசியிடம், அம்மாகிட்ட சொல்லுங்க, அவுங்க சொன்ன தேங்க்ஸ் எங்களுக்கு வந்து சேந்துடுச்சு, கொஞ்ச நாளைக்கு எனக்கு போன் பண்ண வேணாம்னு சொல்லுங்க என்றாயாம். கிரேசி அழுதுகொண்டே அதை என்னிடம் சொன்னாள். நீ சொன்னதில் தப்பே இல்லை. உன் இடத்தில் நான் இருந்தால் இதைவிடக் கடுமையாகச் சொல்லியிருப்பேன்.

எனக்கு இங்கிலீஷ் பேச வராது, ஆனந்து. சிரிக்காதே. யாரும் நம்ப மாட்டார்கள் என்பதுதான் என் கஷ்டமே. கான்வென்ட்டில் படித்தவள், கலெக்டர் ஆபீஸில் ஓய்வு பெறும்வரை இங்கிலீஷ் டிராஃப்ட் அடித்தவள், பெரிய அதிகாரி எழுதிய வாக்கியத்தையே திருத்தி அனுப்பியவள். உங்கள் கல்யாணத்துக்கு ஸ்காட்லாந்தில் அச்சடித்த பத்திரிகையில்கூட நான் இரண்டு தவறு கண்டுபிடித்துச் சிவப்பு மையால் குறித்து அனுப்பினேன், கெர்ஸ்டி அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள் என்று நீயே சொன்னாய். அப்படிப்பட்டவள் பேசத் தெரியாமல் உளறினாள் என்று கெர்ஸ்டி எப்படி நினைப்பாள்? வேண்டுமென்று சொன்னதாகத்தான் நினைப்பாள். ஆபீஸில் வடக்கிலிருந்து வந்த கலெக்டர்கள் எல்லாரும் இங்கிலீஷில்தான் பேசினார்கள். நான் குறிப்பு நோட்டோடு நின்று எழுதினேன். எஸ் சார், நோ சார், இதற்கு மேல் என்னிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒருமுறை ஒருவர் உன் பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டார். எஸ் சார் என்றேன். அவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். எழுதும்போது எனக்கு நேரம் இருக்கிறது. பேசும்போது, மனசில் ஒரு வாக்கியத்தை எடுத்து, வினைச்சொல் சரியா, உச்சரிப்பு சரியா என்று பார்த்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார். அப்போது வாயில் வருவது ஏற்கெனவே தயாராக இருக்கும் வாக்கியம் மட்டும்தான்.

நீங்கள் இருவரும் இங்கே வந்தீர்களே, அந்த மே மாதம் நினைத்துப் பார். காடாம்புலியூரிலிருந்து வந்த பலாப்பழத்தை நான் அறுக்கும்போது கெர்ஸ்டி பக்கத்தில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துத் தானும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்தாள். இந்த வெயில் உன்னால் தாங்க முடிகிறதா, ராத்திரி தூங்கினாயா, என் மகன் உன்னிடம் கோபப்படுகிறானா, இப்படி எத்தனையோ கேட்க வேண்டும் என்று நாக்கு நுனியில் வைத்திருந்தேன். வந்தது, இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள் என்ற ஒரே வாக்கியம். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். மரியாதைக்காக அந்தப் பெண் தின்றுகொண்டே இருந்தாள், ராத்திரி வயிற்று வலியில் துடித்தாள். மாமியார் ராணி மாதிரி கம்பீரமாக இருக்கிறார், அதிகம் பேசுவதில்லை என்று அவள் உன்னிடம் சொன்னாளாம். அதைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. இப்போது அந்தக் கம்பீரம்தான் என் கழுத்தைப் பிடிக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு கெர்ஸ்டிக்கு இந்த நம்பரிலிருந்து யாரும் பேசாத அழைப்புகள் போயிருக்கும். அவை எல்லாம் நான்தான். சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டுதான் கூப்பிட்டேன். முதல் தடவை எடுத்தவள் மறுபடி அம்மா என்றாள். காகிதத்தில் எழுத்து ஓடியது, கண்ணாடியைத் துடைப்பதற்குள் வைத்துவிட்டேன். அப்புறம் எடுத்தபோது அம்மா என்று சொல்லவில்லை, ஹலோ என்றாள். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்து இங்கிலீஷில் இரண்டு பக்கம் அவளுக்கு எழுதினேன். படித்துப் பார்த்தால், காலமான தாசில்தாருக்கு ஆபீஸில் போடும் இரங்கல் தீர்மானம் மாதிரி இருந்தது. ஒரு பிழை இல்லை. கிழித்துப் போட்டேன். அதனால்தான் இதைத் தமிழில் உனக்கு எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், கிரேசிக்குத் தெரியாது. சிதம்பரத்தில் தெற்கு வீதியில் ஒரு செல்போன் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடக்கிறது. கடலூரிலேயே இருக்கிறது, ஆனால் இங்கே என்னைத் தெரியாதவர்கள் யார்? இந்த வயதில் மேரியம்மா இங்கிலீஷ் படிக்கப் போகிறாள் என்று கோயில் முழுக்கப் பேச்சாகும். கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று கிரேசியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். சும்மா இருப்பாளா, அத்தைக்குக் காதோடு கண்ணும் போய்விட்டது என்று இப்போது ஊரெல்லாம் சொல்கிறாள். அந்த மாடிப்படி செங்குத்து, கைப்பிடி கிடையாது. ஞானசேகரன் என்ற பையன் நடத்துகிறான், உன் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். வகுப்பைச் சோதிக்க யாரோ மேடம் வந்திருப்பதாக நினைத்துவிட்டார்கள். நான் படிக்க வந்திருக்கிறேன் என்றதும் பின் பெஞ்சில் ஒருவன், அப்ப நாம தப்பிச்சோம்டா என்றான்.

அங்கே இருக்கும் பிள்ளைகளைப் பார்த்துதான் இந்தப் பயம் எனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்தது. கதிர்வேல் என்று ஒருவன், பிச்சாவரத்தில் படகு ஓட்டுகிறான். வெளிநாட்டுக்காரர்கள் ஏறினால் என்ன செய்வாய் என்று ஞானசேகரன் கேட்டால், மோட்டார் சத்தத்த ஜாஸ்தி பண்ணிடுவேன் சார், அப்பதான் அவுங்களும் பேச முடியாது நானும் பேச வேணாம் என்கிறான். எல்லாரும் சிரித்தோம், நானும் சிரித்தேன், நான் போனை வைத்ததும் அதே வேலைதான் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. பிரிசில்லா என்று காடாம்புலியூர்ப் பெண், நர்ஸ், வெளிநாட்டு வேலைக்கு ஒரு பேச்சுப் பரீட்சை எழுதியிருக்கிறாள், இரண்டு முறை தேறவில்லை. எல்லாம் தெரியும்மா, அந்தம்மா எதுத்தாப்புல உக்காந்து என் வாயவே பாக்கும்போது நாக்கு மரக்கட்ட ஆயிடுது என்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அவள் பரீட்சையில், நோயாளி இறந்ததை வீட்டாருக்குப் போனில் சொல்வது போல ஒரு பகுதி உண்டாம். ஞானசேகரன் அவளை நர்ஸாகவும் என்னை வீட்டாராகவும் பேசச் சொல்லி, அவளைப் படிக்கட்டுக்கு அனுப்பி அங்கிருந்து என்னைக் கூப்பிடச் சொன்னான். விளையாட்டுக்குத்தானே என்று எடுத்தேன். அவள் தட்டுத் தடுமாறி, வருந்துகிறேன், உங்கள் உறவினர் இன்று காலை காலமாகிவிட்டார் என்று சொன்னாள். நான் தேங்க்யூ, குட் ஆஃப்டர்நூன் என்றேன். வகுப்பே சிரித்தது. பிரிசில்லா உள்ளே ஓடி வந்து, என்னாம்மா நீங்க, நான் செத்துட்டாங்கன்னு சொல்றேன், நீங்க குட் ஆஃப்டர்நூன்னு சொல்றீங்க, அழுவ மாட்டீங்களா, அழுவறதுக்குமா இங்கிலீசு வேணும் என்றாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கதிர்வேல் தண்ணீர் பாட்டிலோடு வந்து, பெரியம்மா, அவ வாய் அப்டித்தான், மனசுல வெச்சுக்காதீங்க என்றான். அவள் சொன்னது எனக்கு வருத்தம் இல்லை. இந்த வாக்கியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் அப்பா இறந்தபோது நான் கான்வென்ட் விடுதியில் இருந்தேன், சின்னப் பெண். உனக்கு இது தெரியும், ஆனால் எப்படிச் சொன்னார்கள் என்பதை நான் உனக்குச் சொன்னதில்லை, உங்கள் அப்பாவிடமும் சொன்னதில்லை. விடுதிக்குள் தமிழ் பேசக் கூடாது. பேசினால் ஒரு மரப்பலகையைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள், அடுத்து ஒருத்தி தமிழ் பேசி மாட்டும்வரை அதைக் கழற்ற முடியாது. மதர் கூப்பிட்டு எது சொன்னாலும், திட்டினாலும் தண்டித்தாலும், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தேங்க்யூ மதர், குட் ஆஃப்டர்நூன் மதர் என்று சொல்லிவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அன்று மத்தியானம் வரவேற்பறைக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளைக்கார மதர். உன் அப்பாவை ஆண்டவர் அழைத்துக்கொண்டார் என்று இங்கிலீஷில் சொன்னார்கள். முழங்காலை மடக்கினேன். தேங்க்யூ மதர், குட் ஆஃப்டர்நூன் மதர் என்றேன். அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன். மறுநாள் காலை எல்லாப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி, வியாகுலமேரி எவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டாள் பாருங்கள் என்று மதர் சொன்னார்கள். அந்த வருடம் எனக்கு நன்னடத்தைப் பதக்கம் கிடைத்தது. பீரோவில் இன்னும் இருக்கிறது, நீ சின்ன வயதில் அதை வைத்து விளையாடியிருக்கிறாய்.

இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்தப் பெண் எனக்காகக் கற்றுக்கொண்ட தமிழில் அம்மா என்று கூப்பிட்டாள். என்னம்மா என்று நான் தமிழிலேயே கேட்டிருந்தால் போதும். அவளுக்கு அர்த்தம் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்திருக்கும். வெள்ளைக்காரி முன்னால் தமிழில் வாயைத் திறக்க இந்த வயதிலும் எனக்குப் பயம். கிரேசி சொன்ன காதுப் பொய்யை நான் ஏன் ஏற்கவில்லை என்று நீ கேட்கலாம். ஏற்றுக்கொண்டால் உன் கோபம் போய்விடும், நீ நாளைக்கே எனக்கு போன் செய்வாய், தெரியும். ஆனால் எனக்குக் காது கேட்கவில்லை என்றால், அந்தக் குழந்தை போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை என்று ஆகிவிடும். அவள் சொன்னாள். நான் கேட்டேன். அது அவளுக்குத் தெரிய வேண்டும்.

கல்லறைத் திருநாளுக்கு உங்கள் அப்பா கல்லறையைக் கழுவி மாலை போட்டேன். ஒரு மெழுகுவர்த்தி அவருக்கு, பக்கத்தில் சின்னதாக ஒன்று ஏற்றினேன். மழையில் அது அணைந்து அணைந்து போனது, குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெயராணி வந்து, அது யாருக்கு மேரியம்மா என்று கேட்டாள். குடையை இன்னும் தாழ்த்திப் பிடித்தேன். நவம்பர் மாதம் முழுவதும் பூசையில் இறந்தவர்களின் பெயரை வாசிப்பார்கள் அல்லவா, நானும் பெயர் கொடுக்கப் போனேன். முதலில் உங்கள் அப்பா பெயரைச் சொன்னேன்; கோயில் உபதேசியார், தைரியராஜ் என்று எழுதிக்கொண்டு, அடுத்து என்றார். ஆனந்து மகள் என்றேன். பேர் சொல்லுங்கம்மா, பேரில்லாம சாமியார் என்னான்னு வாசிப்பாரு என்றார். எனக்குத் தெரியவில்லை. நீங்கள் பெயர் வைத்தீர்களா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. தாத்தா பெயருக்குப் பின்னால் அவள் பெயர் வந்திருக்க வேண்டும். மாதம் முழுக்க தைரியராஜ் என்று வாசித்துவிட்டு சாமியார் அடுத்த வீட்டுப் பெயருக்குப் போய்விடுகிறார். ஒவ்வொரு நாளும் அந்த இடத்தில் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை நீ கெர்ஸ்டிக்கு அவள் மொழியில் சொல்ல வேண்டும். அழகுபடுத்திச் சொல்லாதே. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, மறதி என்றெல்லாம் சேர்க்காதே. தேங்க்யூ சொன்னதையும் விடாதே, அதைச் சொன்னபோது என் கை ஈரமாக இருந்ததையும் சொல். கல்யாணத்துக்கு முன்னால் நான் மறுப்பாகப் பேசியது உண்மை, அதை மறைக்க வேண்டாம், பலாச்சுளை எடுத்த அன்றைக்கே அது என் மனசை விட்டுப் போய்விட்டது என்பதையும் சேர்த்துச் சொல். அவள் நம்பாவிட்டால் வற்புறுத்தாதே. நீ மேடைக்குத் திரும்பிப் போக அவசரப்படாதே, வேலை எங்கும் போய்விடாது, அவளைத் தனியாக விடாதே. அவள் பேசாமல் இருந்தால் நீயும் பக்கத்தில் பேசாமல் உட்கார். சூடாக எதையாவது சாப்பிட வை. நீயும் வேளைக்குச் சாப்பிடு. நீயும் பிள்ளையைப் பறிகொடுத்தவன், அதை நான் மறக்கவில்லை.

நான் சிதம்பரத்துக்குத் தொடர்ந்து போகிறேன். பிரிசில்லா படிக்கட்டிலிருந்து கூப்பிடுகிறாள், ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவரைச் சாகடிக்கிறாள், நான் தேங்க்யூ சொல்லாமல் இருக்கப் பழகுகிறேன். இன்னும் வரவில்லை. போன வாரம் ஒன்றும் சொல்லாமல், ஆனால் போனையும் வைக்காமல் இருந்தேன். இப்போதைக்கு என்னால் ஆனது அவ்வளவுதான். அதனால் நீங்கள் எனக்கு போன் செய்ய வேண்டாம். செய்தால் மறுபடி அந்த வாக்கியம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இன்னொரு முறை வந்தால் அவள் தாங்க மாட்டாள், நானும் தாங்க மாட்டேன். எழுத்து எனக்குப் பயம் இல்லை. எத்தனை கடினமான இங்கிலீஷாக இருந்தாலும் படிப்பேன், பிழை இருந்தாலும் இந்த முறை திருத்த மாட்டேன்.

ஆரோக்கிய மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும். உங்கள் அப்பா அந்தப் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டிருப்பார் என்று நம்புகிறேன், குழந்தைகளை அவருக்கு நன்றாகத் தூக்கத் தெரியும். கம்பளிச் சட்டை போடாமல் வெளியே போகாதே. கிரேசி மூலம் எதுவும் சொல்லி அனுப்பாதே, அவள் மாற்றிச் சொல்லிவிடுவாள். குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தால், அந்தப் பெயரைக் கெர்ஸ்டி தன் கையால் ஒரு காகிதத்தில் எழுதித் தபாலில் அனுப்பட்டும். வேறு ஒரு வரிகூட வேண்டாம். பெயர் வைக்கவில்லை என்றால் அதையாவது எழுதுங்கள். தயவுசெய்து எழுத்தில் பதில் போடுங்கள்.

உன் அம்மா,
வியாகுலமேரி